டிரம் செட்ட உருவாக்கினவங்க: மேல எழுதின பேரும் எழுதாத பேரும்

1900-த்து ஆரம்பத்துல அமெரிக்காவுல தியேட்டர்ல டிரம் வாசிக்கிறவங்க நிலைமை ரொம்பக் கஷ்டம். பாஸ் டிரம்ங்கற பெரிய டிரம் ஒரு பக்கம், ஸ்னேர்ங்கற சின்ன டிரம் ஒரு பக்கம், ரெண்டையும் ஒரே ஆளு கையாலயே அடிக்கணும். ஸ்னேரை கொஞ்சம் சாய்ச்சு பாஸ் டிரம் பக்கத்துலயே வச்சுக்கிட்டு குச்சிய இங்க ஒரு அடி அங்க ரெண்டு அடின்னு போட்டு ஓட்டுவாங்க. கால்ல அடிக்கிற பெடல் அப்பவே இருந்துச்சு, ஆனா நிறைய பெடல்ல சுத்தியல் மேல இருந்து தொங்கி ரொம்ப தூரம் ஆடி வந்து அடிக்கும், மெதுவான பாட்டுக்கு சரி, ராக்டைம் மாதிரி வேகமான சரக்கு வந்ததும் கால் அமுக்கினதுக்கும் அடி விழறதுக்கும் நடுவுல தாளம் தப்பிடும்.

சிகாகோல வாசிச்சுக்கிட்டிருந்த வில்லியம் எஃப். லட்விக் இந்தத் தொல்லைய தினமும் அனுபவிச்சவரு. 1879-ல ஜெர்மனில பொறந்து சின்ன வயசுலயே குடும்பத்தோட அமெரிக்கா வந்தவரு. அவரே மரத்துல ஒரு பெடல் செஞ்சு பாத்தாரு, தரைக்குப் பக்கத்துலயே குட்டையா, சுத்தியல் கொஞ்ச தூரம் மட்டும் போய் அடிச்சிட்டு ஸ்ப்ரிங் இழுத்து உடனே திரும்பி வர்ற மாதிரி. வேலை செஞ்சுச்சு. ஆனா மரம் எத்தன நாள் தாங்கும், அத உலோகத்துல ஒழுங்கா செய்யறதுக்கு வழி பண்ணினது அவரோட மச்சான் ராபர்ட் டான்லி, அவரு இன்ஜினியரு. 1909-ல வில்லியமும் தம்பி தியோபால்டும் சேர்ந்து லட்விக் அண்ட் லட்விக்னு கம்பெனி ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு உலகத்துல எந்த டிரம்மர் உக்காந்தாலும் வலது கால் வைக்கிற இடத்துல இருக்குறது அந்த யோசனையோட வாரிசுதான். ஆனா டான்லி பேரு எத்தன பேருக்குத் தெரியும்?

இந்தக் கேள்விதான் எனக்கு இந்தத் தொழிலோட சரித்திரத்தப் படிக்கப் படிக்க திரும்பத் திரும்ப வருது. வாசிக்கிறவங்களுக்கு ஒரு தொல்லை இருக்கும், அத யாரோ ஒருத்தர் காது குடுத்துக் கேட்டு தீர்த்து வச்சிருப்பாங்க, அப்புறம் அது ஒரு கம்பெனியாகி ஒரு பேரு நிலைக்கும். நிலைச்ச பேரும் செஞ்ச கையும் சில சமயம் ஒன்னா இருக்கும், பல சமயம் இருக்காது.

லட்விக் கதையிலயே பேரு எப்படிப் படாத பாடு பட்டுச்சுன்னு பாக்கலாம். தம்பி தியோபால்ட் 1918 இன்ஃப்ளூயன்சா காய்ச்சல்ல போயிட்டாரு. கம்பெனி வளந்துச்சு, ஏன்னா அப்போ ஊமைப் படம் ஓடின தியேட்டர்ல எல்லாம் டிரம்மர் வேணும், குதிர ஓடற சத்தம், கதவு சாத்தற சத்தம், இடி, எல்லாமே அவரு வேலை. 1927-க்கு அப்புறம் பேசும் படம் வந்துச்சு, கொஞ்ச வருஷத்துல தியேட்டர் டிரம்மர்ங்கற வேலையே காணாமப் போச்சு, வாங்குறதுக்கு ஆளே இல்ல. 1930 வாக்குல லட்விக் கம்பெனி, இண்டியானாபொலிஸ்ல யு.ஜி. லீடி வளர்த்த லீடி கம்பெனி, ரெண்டுமே கான்னு ஒரு பெரிய பித்தளை வாத்தியக் கம்பெனி கைக்குப் போயிடுச்சு. வில்லியம் லட்விக் 1937-ல வெளிய வந்து மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிச்சாரு, ஆனா 'லட்விக்'ங்கற பேரு விலைக்குப் போயிட்டதால சொந்தக் குடும்பப் பேர டிரம் மேல போட முடியல, டபிள்யூ.எஃப்.எல்னு இனிஷியல் மட்டும் போட்டு வித்தாரு. 1955-லதான் காசு குடுத்து பேரத் திரும்ப வாங்கினாங்க. அப்போ அவருக்கு வயசு எழுபதத் தாண்டிடுச்சு.

அதுக்கு ஒம்போது வருஷம் கழிச்சு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1964 பிப்ரவரி 9, இங்கிலாந்து ராக் குழு பீட்டில்ஸ் அமெரிக்க டிவில எட் சல்லிவன் ஷோல வாசிச்சாங்க, 7 கோடியே 30 லட்சம் பேரு பாத்ததா கணக்கு. அவங்க டிரம்மர் ரிங்கோ ஸ்டார் முன்னாடி இருந்த பாஸ் டிரம் முகப்புல பீட்டில்ஸ் பேருக்கு மேல லட்விக்னு இருந்துச்சு. அந்த செட்ட ரிங்கோ வாங்கினது லண்டன்ல ஐவர் ஆர்பிட்டர் நடத்தின டிரம் சிட்டி கடையில, பீட்டில்ஸ் லோகோவில டி எழுத்து மட்டும் கீழ இறங்கி நிக்குமே, அத முதல்ல கடையிலயே வரைஞ்சு குடுத்ததும் ஆர்பிட்டர்தான்னு சொல்லுவாங்க. ஷோ முடிஞ்ச கையோட ஆர்டர் குவிஞ்சு சிகாகோ ஃபேக்டரி ராப்பகலா ஓடுச்சு. அப்போ கம்பெனிய நடத்தினது பையன் வில்லியம் லட்விக் ரெண்டாமவர். இத விளம்பரக் கதையா மட்டும் பாக்கறது பத்தாதுன்னு நினைக்கிறேன். அந்த ராத்திரிக்கு அப்புறம் டிரம்ங்கறது தொழில்முறை வாசிப்பாளர் மட்டும் வாங்குற பொருளா இல்லாம வீட்டுல இருக்குற பதினாலு வயசுப் பசங்க கேட்டு அடம் பிடிக்கிற பொருளா ஆயிடுச்சு, மொத்தத் தொழிலோட அளவே மாறிடுச்சு.

சிம்பல்ங்கற உலோகத் தட்டோட கதை இன்னும் பழசு. இஸ்தான்புல்ல 1600-கள்ல ஆர்மீனியரான அவெடிஸ்ங்கறவரு செம்பையும் வெள்ளீயத்தையும் ஒரு தனிப் பக்குவத்துல சேர்த்து உருக்கினாரு. செம்பு ஏறக்குறைய எண்பது பங்கு, வெள்ளீயம் இருபது பங்கு, இந்த விகிதம் சாதாரணமா கண்ணாடி மாதிரி நொறுங்கற சரக்கு, அதத் தகடாத் தட்டி உடையாம எடுக்குறதுதான் ரகசியம். சுல்தான் படைகளோட வாத்தியக் குழுவுக்கு அவரு சிம்பல் செஞ்சாரு, ஜில்ஜியன்ங்கற பேரு அரண்மனையில இருந்து வந்தது, 1623-ல தொடங்கின பட்டறைன்னு குடும்பம் கணக்கு வச்சிருக்கு. ரகசியம் குடும்பத்துக்குள்ளயே தலைமுறை தலைமுறையா கை மாறிச்சு.

நம்ம கதைக்கு முக்கியமான ஆளு மூணாம் அவெடிஸ். 1909-ல அமெரிக்கா போனவரு, பாஸ்டன் பக்கம் மிட்டாய் வியாபாரம் பண்ணிக்கிட்டு நல்லா இருந்தாரு. 1927-ல சித்தப்பா ஆரம்கிட்ட இருந்து கடுதாசி, குடும்பத் தொழில் இனிமே உன் பொறுப்புன்னு. அவருக்கு அதுல பெரிய ஆசை ஒன்னும் இல்ல. ஆனாலும் மாசச்சூசெட்ஸ்ல குவின்சிங்கற ஊர்ல 1929-ல ஃபேக்டரி போட்டாரு. போட்ட வருஷமே பங்குச் சந்தை விழுந்துச்சு. அந்த நேரத்துல அவரு செஞ்ச புத்திசாலித்தனம் என்னன்னா நேரா நியூயார்க் போய் ஜாஸ் டிரம்மர்களோட உக்காந்து உங்களுக்கு என்ன சத்தம் வேணும்னு கேட்டாரு. ஜீன் க்ரூப்பா சொன்னது, இன்னும் மெல்லிசா வேணும், தட்டினதும் சத்தம் எழும்பி உடனே அடங்கணும்னு. அதுவரைக்கும் சிம்பல்னா மிலிட்டரி பேண்டுக்கும் சிம்ஃபனிக்கும் ஜோடியா மோதுற கனமான தட்டு. க்ரூப்பா மாதிரி ஆளுங்க சொல்லச் சொல்ல அவெடிஸ் தகட்ட இளைச்சு இளைச்சுக் குடுத்தாரு, ரைடு, க்ராஷ், ஸ்ப்ளாஷ், ஹை-ஹேட்னு இன்னிக்கு கடையில கேட்டு வாங்குற ரகமெல்லாம் அந்தப் பேச்சுவார்த்தையில உருவானதுதான்.

இதே க்ரூப்பா ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனியையும் மாத்தினாரு. அப்போ டாம்-டாம்ங்கற நடு சைஸ் டிரம்ல அடிப்பக்கத் தோல ஆணி அடிச்சு வச்சிருப்பாங்க, சுருதி சேர்க்க வழியே இல்ல. மேலயும் கீழயும் திருகு வச்சு ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டணும்னு அவரு கேட்டாரு, 1936 வாக்குல சிகாகோல ஸ்லிங்கர்லேண்ட் செஞ்சு குடுத்துச்சு, மத்த எல்லா கம்பெனியும் பின்னாடியே வந்துச்சு.

ஹை-ஹேட்னு சொன்னதும் அதோட ஸ்டாண்டுக்காக இன்னொரு பேர சொல்லியாகணும். வால்பர்க் அண்ட் ஓஜ், மாசச்சூசெட்ஸ்ல வூஸ்டர் ஊர்ல இருந்த ஒரு சின்ன கம்பெனி. கால்ல அமுக்கினா ரெண்டு தட்டு மோதுற சாமான் முதல்ல தரையோட தரையா கணுக்கால் உயரத்துலதான் இருந்துச்சு, அத நீளக் குழாயில ஏத்தி குச்சியாலயும் தட்டுற உயரத்துக்குக் கொண்டு வந்தது 1920-கள் பிற்பாதி. அத விக்கிற அளவுக்கு செஞ்சவங்கள்ல முன்னாடி நிக்கிறது இவங்க. பெரிய கம்பெனிகளுக்கு ஸ்டாண்டு, பிடி, கால்னு எத்தனையோ சாமான் இவங்க சப்ளை பண்ணினாங்க, வெளிய தெரிஞ்சது வாங்கி வித்தவங்க பேரு. பழைய செட்டு சேகரிக்கிறவங்களத் தவிர இந்தப் பேர யாரும் உச்சரிக்கிறது இல்ல.

அடுத்தது தோல். எனக்கு இந்த மொத்த சரித்திரத்துலயே ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

1950-கள் வரைக்கும் டிரம்முக்கு கன்னுக்குட்டித் தோல். தோல ஊறவச்சு ஈரத்தோட மர வளையத்துல சுத்தி மடிச்சு சொருகி காயவிடணும், காஞ்சதும் இறுகும். மழை நாளு, ஈரக் காத்துன்னா தோல் தொங்கிடும், எவ்ளோ திருகினாலும் சத்தம் கிளம்பாது. மேடை விளக்குச் சூட்டுல, ஹீட்டர் போட்ட ஹால்ல தோல் இறுகி இறுகி கச்சேரிக்கு நடுவுலயே கிழிஞ்சுடும். வெளியூர் போற டிரம்மர் ஒவ்வொருத்தருக்கும் இதுதான் பொழப்பு, வாசிச்சு முடிச்சதும் தோல தளர்த்தணும், வாசிக்கறதுக்கு முன்னாடி மறுபடியும் சேர்க்கணும். மிருதங்கம், தவில், பறை பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்கு இத விளக்கவே வேணாம், பறைய தீயில காச்சி எடுக்குறது நாம கண்ணால பாக்குற விஷயம்.

ரீமோ பெல்லி 1927-ல இண்டியானாவுல பொறந்தவரு, இத்தாலியக் குடும்பம், அவரும் டிரம்மர்தான், பாடகர்களோட டூர் போனவரு. 1950-கள்ல ராய் ஹார்ட்டோட சேர்ந்து ஹாலிவுட்ல டிரம் சிட்டின்னு ஒரு கடை நடத்தினாரு, லண்டன் கடைக்கும் இதே பேருதான், ரெண்டும் வேற வேற. டூபாண்ட் கம்பெனி மைலார்னு ஒரு பாலியெஸ்டர் ஷீட் விட்டிருந்த நேரம் அது. தண்ணி பட்டாலும் வெயில் பட்டாலும் அசையாது, ஆனா டிரம்மர்க்கு அதுல ஒரு பெரிய சிக்கல், வளையத்துல எப்படிப் பிடிக்க வைக்கிறது? தோல் மாதிரி ஊறாது, மடியாது, ஆணி அடிச்சா ஆணி இருக்குற இடத்துல இருந்து கிழியும். பெல்லிக்கு இத தீர்த்துக் குடுத்தது சாம் மச்னிக்ங்கற கெமிஸ்ட். மைலார் ஷீட்டோட ஓரத்துல சுத்தி வரிசையா ஓட்டை, அந்த ஓரத்த அலுமினிய வளையத்தோட பள்ளத்துக்குள்ள விட்டு ரெசின ஊத்தினா அது ஓட்டை வழியா புகுந்து இறுகி ஷீட்டப் பூட்டிடும். திருகு எவ்ளோ இழுத்தாலும் நழுவாது. 1957-ல ரீமோ கம்பெனி ஆரம்பம், அந்த பிளாஸ்டிக் தோலுக்கு, அதாவது டிரம் ஹெட்டுக்கு, வெதர் கிங்னு பேரு. எம்பரர், அம்பாசடர், டிப்ளமேட்னு கனத்துக்கு ஏத்த மாதிரி வச்ச பேரு இன்னிக்கும் கடையில ஓடுது.

இதுல பெல்லி ஒருத்தரே முதல் ஆளுன்னு சொல்லிட முடியாது. சிக் எவன்ஸ்னு ஒரு டிரம்மர் ஏறக்குறைய அதே காலத்துல மைலார் ஹெட் செஞ்சு வித்துக்கிட்டிருந்தாரு, எவன்ஸ் ஹெட் இப்பவும் இருக்கு, 1995-ல கிட்டார் கம்பி செய்யற டடாரியோ கம்பெனி வாங்கிடுச்சு. லட்விக்கும் உடனே சொந்தமா ஒன்னு கொண்டு வந்தாங்க. எல்லாரும் ஒரே தொல்லையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தப்ப புது சரக்கு சந்தைக்கு வந்துச்சு, பல பேரு ஒரே நேரத்துல கை நீட்டினாங்க. பெல்லி ஜெயிச்சதுக்குக் காரணம் அந்த வளையம்தான்னு என் எண்ணம், ஆயிரக்கணக்குல ஒரே மாதிரி செய்ய முடிஞ்சது அதனாலதான். பிளாஸ்டிக் ஹெட் இல்லன்னா மைக்குக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் ஈடு குடுத்து ராத்திரி முழுக்க ராக் டிரம்மர் அடிக்கிற அடிய கன்னுத்தோல் தாங்கியிருக்காது.

அப்போ மிருதங்கத்துக்கும் மைலார் போட்டா என்னன்னு ஒரு கேள்வி வரும். டிரம் ஹெட் வெறும் ஷீட்டு, மிருதங்கத்தோட வலந்தலை அப்படி இல்ல. நடுவுல கருப்பா வைக்கிறாங்களே, கல்லுப் பொடியையும் சோத்தையும் பெசஞ்சு துளித் துளியா தேய்ச்சு அடுக்கடுக்கா ஏத்துறது, அந்த கனம்தான் தோலோட அதிர்வ சுருதிக்குள்ள கொண்டு வருது. வெறும் தோல் வட்டத்துல கிளம்புற மேல் ஸ்வரங்கள் ஒன்னுக்கொன்னு பொருந்தாம கலைஞ்சு கிடக்கும், கருப்ப வச்சா அதுங்க கம்பி வாத்தியத்துல மாதிரி வரிசையில வந்து நிக்கும். இத 1920-லயே சி.வி. ராமன், சிவகாளி குமாரோட சேர்ந்து நேச்சர் பத்திரிகையில எழுதினாரு. அதனால இங்க வெறும் ஷீட்ட மாத்தினா பத்தாது, கனத்தையும் சேர்த்து செயற்கையா செய்யணும். பெங்களூர்ல வரதரங்கன் அந்த வழியில போய் ஸ்ரீ மிருதங்கம்னு செயற்கை ஹெட்டோட கொண்டு வந்திருக்காரு, போல்ட் போட்டு முடுக்கி சுருதி சேர்க்கலாம். வெளிநாட்டுல இருந்துக்கிட்டு தோல் மாத்த ஆள் கிடைக்காம திண்டாடுறவங்களுக்கு இது பெரிய உதவி.

கையால வாசிக்கிற லத்தீன் வாத்தியங்களோட கதை வேற மாதிரி, அங்க தொல்லை அரசியல்ல இருந்து வந்துச்சு. மார்ட்டின் கோஹன், நியூயார்க் ப்ராங்க்ஸ்ல இருந்த மெக்கானிக்கல் இன்ஜினியரு, லத்தீன் ஜாஸ் கேட்டு மயங்கி பாங்கோங்கற ஜோடிக் கை டிரம் ஒன்னு வாங்கணும்னு அலைஞ்சாரு. 1962-ல அமெரிக்கா கியூபா மேல வர்த்தகத் தடை போட்டதால கியூபா பாங்கோ கடையில கிடைக்கல. அவரே செஞ்சாரு, வாசிக்கிறவங்ககிட்ட குடுத்தாரு, அவங்க சொன்ன குறைய எல்லாம் சரி பண்ணினாரு, 1964-ல லத்தீன் பெர்கஷன், சுருக்கமா எல்.பி, கம்பெனி. கை படற இடத்துல உலோக விளிம்பு கூரா இருந்து தோல அறுக்கும், அத வளைச்சு உருட்டி விட்டாரு. ஸ்டுடியோ டிரம்மர் பாப் ரோசன்கார்டன் அவர்கிட்ட கேட்டது உடையாத ஒரு தாடை எலும்பு. லத்தீன் இசையில கழுதையோட தாடை எலும்பத் தட்டுவாங்க, பல்லெல்லாம் ஆடி கடகடன்னு சத்தம் வரும், ஆனா எலும்பு சீக்கிரம் உடையும். கோஹன் ஒரு மரப்பெட்டிக்குள்ள உலோக ஆணிகள ஆடுற மாதிரி போட்டு வளைஞ்ச கம்பியால ஒரு பந்தோட இணைச்சாரு, பந்தத் தட்டினா கர்ர்ர்ன்னு இழுக்கும். வைப்ராஸ்லாப். நம்ம சினிமாப் பாட்டுல திகில் சீனுக்கும் பாட்டோட இடைவெட்டுக்கும் அந்த சத்தத்த எத்தனையோ தடவ கேட்டிருப்போம், அது கழுதை எலும்புல இருந்து வந்ததுன்னு தெரியாமலே.

குச்சிய சுருக்கமா சொல்லிடறேன். மரக் குச்சியோட நுனி தேஞ்சு போறதுக்கு 1958-ல நயாகரா ஃபால்ஸ்ல ஜோ கலாட்டோ நைலான் நுனி போட்டாரு. பாஸ்டன் சிம்ஃபனியில டிம்பானிங்கற கொப்பரை டிரம் வாசிச்ச விக் ஃபர்த், கடையில கிடைச்ச குச்சி எதுவும் திருப்தி ஆகாம 1963-ல கையாலயே செதுக்கி மாதிரி பண்ணி கடைசல்காரர்கிட்ட குடுத்து செஞ்சு வாங்கினாரு, மாணவர்கள் கேக்க ஆரம்பிச்சாங்க, கம்பெனியாச்சு. ரெண்டு குச்சியும் ஒரே எடை, தட்டினா ஒரே சுருதின்னு ஜோடி சேர்த்து விக்கிறது அவரால வழக்கமாச்சு. 2010-ல அந்தக் கம்பெனி ஜில்ஜியனோட சேர்ந்துடுச்சு. ஜப்பான்ல பேர்ல், டாமா, யமஹா மூணும் 1970-கள்ல ராக் டிரம்மர்களோட அடிக்கு ஆடாத கனமான ஸ்டாண்ட செஞ்சு இறக்கினப்ப பழைய அமெரிக்க கம்பெனிகளுக்கு ஈடு குடுக்க முடியல, சிகாகோ லட்விக்கும் 1981-ல செல்மர் கம்பெனிக்குப் போயிடுச்சு.

அதே 1981-ல ஜில்ஜியன் குடும்பத்துலயும் பிரிவினை. மூணாம் அவெடிஸ் 1979-ல இறந்ததும் பசங்க ஆர்மண்ட், ராபர்ட் ரெண்டு பேருக்கும் வழக்கு, கடைசியில ராபர்ட் கனடாவுல மெடக்டிக்ங்கற ஊர்ல இருந்த ஃபேக்டரிய எடுத்துக்கிட்டு மூணு பிள்ளைங்க பேரோட முதல் எழுத்துகள சேர்த்து சபியன் ஆரம்பிச்சாரு. முந்நூத்தம்பது வருஷத்துக்கு மேலான பழம்பேர விட்டுக்குடுத்துட்டு புதுப் பேர்ல தொடங்கி உலகத்தோட பெரிய சிம்பல் கம்பெனிகள்ல ஒன்னா கொண்டு வந்தாரு.

இஸ்தான்புல்ல நடந்தது அதவிட எனக்கு முக்கியமா படுது. அங்க குடும்பத்தோட இன்னொரு கிளை கே. ஜில்ஜியன்ங்கற பேர்ல கையாலயே அடிச்சு சிம்பல் செஞ்சுக்கிட்டிருந்துச்சு, அமெரிக்காவுல அத வித்தது க்ரெட்ஷ் கம்பெனி, எல்வின் ஜோன்ஸ், டோனி வில்லியம்ஸ் மாதிரி ஜாஸ் ஆளுங்க அந்த இருண்ட சத்தத்துக்காக உயிர விட்டாங்க. ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், ஏன்னா வார்த்த வட்டத்த உலையில காய்ச்சி உருட்டி அப்புறம் சுத்தியலால ஆயிரக்கணக்கான அடி கையால அடிச்சு, கடைசியா கடைசல்ல மேல் தோல சீவி எடுப்பாங்க, அடி ஒவ்வொன்னும் விழற இடம் சத்தத்த மாத்தும். 1970-கள் கடைசியில அந்தப் பட்டறை மூடிடுச்சு. அங்க சின்னப் பசங்களா சேர்ந்து வேலை கத்துக்கிட்ட மெஹ்மத் டாம்தேர், ஆகோப் டோமுர்ஜுக்னு ரெண்டு தொழிலாளிங்க, ஒருத்தர் துருக்கியர், இன்னொருத்தர் ஆர்மீனியர், 1980 வாக்குல சேர்ந்து சொந்தமா பட்டறை போட்டு இஸ்தான்புல்னு பேரு வச்சாங்க. சிம்பல் மேல ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாங்க. 1996-ல ஆகோப் இறந்ததும் அது இஸ்தான்புல் ஆகோப், இஸ்தான்புல் மெஹ்மத்னு ரெண்டாச்சு, ரெண்டுமே நல்லா ஓடுது. சுத்தியல் பிடிச்ச கூலித் தொழிலாளியோட பேரே பொருளோட பேரா ஆனது இந்தத் தொழில்ல ரொம்ப அபூர்வம்.

நம்ம பக்கத்துக் கதை வேற மாதிரி. தஞ்சாவூர்ல பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செஞ்சவர் பர்லாந்து. தலித் கிறிஸ்தவக் குடும்பம், செவிட்டியான்ங்கற முன்னோர்ல இருந்து தலைமுறையா இதே வேலை, வாரிசுங்க இன்னிக்கும் செய்யறாங்க. மணி ஐயர் கேட்ட நாதத்த தோல்லயும் கருப்புலயும் கொண்டு வந்தது அவரு கை, க்ரூப்பாவுக்கு அவெடிஸ் செஞ்சதும் இதே வேலைதான். அவெடிஸ் பேர ஊர் பேரு தெரியாத பத்து வயசுப் பையன் கூட சிம்பல் மேல படிக்கிறான். பர்லாந்து பேரு ரொம்ப காலம் வித்வான்கள் வட்டத்துக்கு வெளிய வரவே இல்ல. மாட்டுத்தோல் தொடற வேலைங்கறதுக்காக ஜாதி அந்தக் கைய மேடைக்குப் பின்னாடியே நிறுத்தி வச்சிருந்துச்சு, அத மழுப்பிச் சொல்றதுல அர்த்தம் இல்ல. கச்சேரி நோட்டீஸ்ல பாட்டு யாரு, வயலின் யாரு, மிருதங்கம் யாருன்னு அடிக்கிறோம், அதுக்குக் கீழ வாத்தியம் செஞ்சவர் பேருக்கும் ஒரு வரி குடுக்கலாம். சபாக்காரங்க இந்த டிசம்பர்லயே ஆரம்பிக்கலாம், அதுக்கு கூடுதலா ஒரு ரூபா கூட ஆகாது.